தனி அடுப்பு

ரேஷன் கார்டு தனியாக வேண்டுமென்றால் அடுப்பும் தனியாக இருக்க வேண்டும். ஒரே கதவெண்ணில் குடியிருக்கலாம், ஒரே மீட்டரில் விளக்கெரியலாம், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கலாம். அடுப்பு வேறாக இருந்தால் அரசாங்கம் அதை வேறு குடும்பம் என்று ஒத்துக்கொள்ளும். விண்ணப்பம் போட்டபின் வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஒருவர் வீடு தேடி வருவார். அடுப்பைக் கண்ணால் பார்ப்பார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். தனிச்சமையல் உண்டு என்று அவர் எழுதினால் கார்டு வரும், இல்லாவிட்டால் வராது. அவனியாபுரத்தில் சனிக்கிழமைதோறும் மேசை போட்டு, வயசானவர்களுக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, எனக்கே வாய் வலித்துவிட்டது.

மேசை போட்டோம் என்பது சரி. உட்கார்ந்தேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். கால் ஆடிக்கொண்டே இருக்கும், கை எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும். வாரநாளில் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. அங்கேயும் நாற்காலியில் இருக்கும் நேரத்தைவிட எழுந்து நடக்கும் நேரம் அதிகம். சனிக்கிழமை வந்தால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேசையை இழுத்துப் போடுவோம். கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்தாலே, "வந்துருச்சுய்யா காத்தாடி" என்பார். மற்றவர்கள் பொறுமையாக, காதோடு காதாகப் பேசி ஒவ்வொரு பெரியவரிடமும் விவரம் வாங்குவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆதாரைக் கொண்டாங்க, போன் நம்பர் சொல்லுங்க, அடுத்து யாரு. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன், அந்த ஐயா வரும்வரை.

அவர் அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர். தோள்பட்டை ஒருபக்கமாக இறங்கியிருக்கும். எழுபதைத் தாண்டிய ஆள். மனைவி இறந்தபின், மகன் வீட்டுப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருந்தார். முதல்நாள் வந்தபோது மேசைக்கு எதிரே நின்றுகொண்டே பேசினார். ஸ்டூலைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம்பேரு மகன் கார்டுல இருக்கு தாயி. அத எடுத்துப்புட்டு எனக்குத் தனியா ஒண்ணு போட்டுக் குடு."

"ஏன்யா, மகனோட சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. அவன் தங்கமான பய."

"மருமகளோடயா?"

"அது அவன விடத் தங்கம்."

"எல்லாரும் தங்கமா இருந்தா எதுக்குய்யா தனிக் கார்டு?"

அவர் ஜெராக்ஸ் மிஷின் பக்கம் பார்த்தார். "அடுப்புத் தனி" என்றார். அதற்குமேல் என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவருடைய மருமகளிடமிருந்துதான் விஷயம் தெரிந்தது. முகவரிச் சான்றுக்காக அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வாசலில் பூக்கட்டிக்கொண்டே பேசினாள். மாமியார் போனபின் மாமனாருக்கு அவள்தான் சோறு போட்டிருக்கிறாள். ஒருநாள் ராத்திரி பானை காலி. அவளுக்கே சோறில்லை. அந்த நேரம் பார்த்து அவர் தட்டை மறுபடி நீட்டியிருக்கிறார். "எம்புட்டுத்தான் திம்பீக" என்று இவள் வாயில் வந்துவிட்டது. அவர் எழுந்துபோய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதோடு சரி. அந்த வீட்டில் அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கூப்பிடாம இருப்பேனாக்கா? புள்ளைகிட்டத் தட்டக் குடுத்து விட்டேன், திருப்பி அனுப்பிட்டாக. கொண்டுபோயி வச்சேன், காக்காய்க்கு வச்சுட்டாக. என்ன செய்யச் சொல்றீக?" பூவை அவள் இறுக்கிக் கட்டியதில் நூல் அறுந்தது.

மகன் வாய் பேசாத ரகம். பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணத் தெரியவில்லை. பட்டறையில் கிடந்த ஆங்கிள் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, ஓர் இரும்பு விறகடுப்பைச் செய்து கொட்டகையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதுதான் அவருக்குத் தெரிந்த சமாதானம்.

ஆக, அடுப்பு இருந்தது. அதில் வைக்க அரிசிதான் இல்லை. ஐயாவின் பங்கு அரிசி மகன் கார்டில் மகன் வீட்டுப் பானைக்குப் போனது. மருமகள் அளந்து கொடுத்தாலும் வாங்க மாட்டார். முதியோர் பணத்தில் கடையில் குருணை வாங்கி, ஒரு வேளை கஞ்சி, ஒரு வேளை வெறும் டீ என்று ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. பெல்ட்டுக்கு மேல் துண்டை வேறு இறுக்கிக் கட்டியிருப்பார். தனிக் கார்டு வந்தால் தன் அரிசியைத் தானே வாங்கி, தன் அடுப்பில் தானே ஆக்கி, யாரிடமும் தட்டை நீட்டாமல் சாப்பிடலாம். அவர் கேட்டது அவ்வளவுதான். அது எனக்கு நியாயமாகப் பட்டது. இன்னொன்றும் பட்டது, இது ரொம்ப லேசான கேஸ் என்று.

முதலில் மகன் கார்டிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும். அதற்கு ஓடிபி மகன் போனுக்குத்தான் வரும். போனில் கூப்பிட்டால் மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போய், வாசலில் நின்று, என் போனில் எண்ணைத் தட்டினேன். அவர் போன் சட்டைப்பையில், சட்டை ஆணியில், ஆணி உள்ளே சுவரில். அவர் கண்ணாடி மூடியைக் கழற்றி, கையைத் துடைத்து, சட்டையைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துபோனது. மறுபடி தட்டினேன். இந்தத் தடவை நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்ததைப் பார்த்து, வேலையாள் ஒருவர் நான் ஏதோ கடன் வசூலுக்கு வந்திருப்பதாக நினைத்துக் கேட்டைச் சாத்தப் பார்த்தார்.

கடைசியில் எண் வந்தது. மகன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கப்பாவ எங்க கார்டுல இருந்து எடுத்துட்டா, ஊருல என்னக்கா பேசுவாக?"

"அண்ணே, அவரு பட்டினி கெடக்காரு. ஊரு பேசுறது இருக்கட்டும், நம்பரச் சொல்லுங்க. டைம் போகுது."

தலையைக் குனிந்துகொண்டே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் அடித்தேன். பெயர் நீங்கிவிட்டது. அன்றைக்கே புதுக் கார்டுக்கும் மனுப் போட்டுவிட்டேன். ஐயாவுக்குப் போன் கிடையாது என்பதால் என் நம்பரையே கொடுத்தேன். வீட்டுக்கு வரும்வழியில் ரிங்ரோட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். அவ்வளவு மிதப்பு எனக்கு.

ஐயாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ஆபீசர் வருவாரு. அடுப்பு கண்ணுல படணும். சட்டி பானை, விறகு எல்லாம் அதது இருக்குற எடத்துல இருக்கட்டும். எதையும் ஒதுங்க வைக்காதீங்க. கேட்டா, நான் தனியா ஆக்குறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"சரி தாயி" என்றார்.

தீபாவளி முடிந்து மழை விட்டிருந்த சமயம். அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. "விசாரணைக்கு வந்திருக்கோம். தெரு எங்கிட்டு இருக்கு?" வழி சொல்லிவிட்டு, பர்மிஷன் எழுதி மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். வழியெங்கும் சேறு. ஷேர் ஆட்டோக்காரர்கள் நினைத்த இடத்தில் நிறுத்தி நினைத்த இடத்தில் எடுத்தார்கள். அத்தனை பேரையும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனேன். தலைக்குமேலே விமானம் ஒன்று சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ இறங்கியது. அதற்குக்கூட வழி கிடைக்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

போய்ச் சேர்ந்தபோது அதிகாரி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். களைத்த முகமாக இருந்தாலும் நல்ல மனுஷர்தான். ஐயா துவைத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். கொட்டகை வாசல் தெளித்திருந்தது. உள்ளே பெருக்கித் துடைத்திருந்தது. பாய் சுருட்டி நிமிர்த்தியிருந்தது. பெரிய மனுஷர் வருகிறாரென்று சுத்தம் செய்திருக்கிறார் என்று முதலில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம்தான் பார்த்தேன். அடுப்பைக் காணோம். சட்டி இல்லை. ஒரு குச்சி விறகுகூட இல்லை. அடுப்பு இருந்த மூலையில் கரி படிந்த சுவர்மேல் ஒரு பழைய காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்.

"சாப்பாடு எங்கய்யா?" என்று அதிகாரி கேட்டார்.

"மகன் வீட்டுலதான் சார். மருமகதான் ஆக்கிப் போடுது. ஒரே உலைதான்."

"ஐயா!" என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நேத்து என்ன கொழம்பு?" அதிகாரி சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"கத்திரிக்காப் புளிக்கொழம்பு சார். எண்ணெய மெதக்க விட்டு வச்சிருந்துச்சு. வேணாம் வேணாம்னாலும் விடாது, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு ஊத்தும்." சப்புக்கொட்டிக்கொண்டு சொன்னார். முந்தின நாள் அவர் குடித்தது கஞ்சி. எனக்குத் தெரியும். வீட்டுப் பின்வாசலில் மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்னம்மா இது, வேலை மெனக்கெட்டு வரவச்சிருக்கீங்க" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று அந்தப் பெரியவரிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்.

"பேத்திய ஒத்தக்கடையிலிருந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காக தாயி. நல்ல எடம். அந்த ஆளு தெருவுல நின்னு, இந்தக் கெழவன் தனியாப் பொங்குறானான்னு வீடு வீடாக் கேட்டா என்ன ஆகும்? பெத்தவனுக்குச் சோறு போடாத வீடுன்னு அவுக காதுக்குப் போகாதா? அந்த வீட்டுல யாரு பொண்ணெடுப்பா?"

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தெரு தள்ளி டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுத்தான் பெண் வீட்டுப் படியேறுவார்கள்.

எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. மகன் கார்டில் இவர் பெயர் இப்போது இல்லை. புதுக் கார்டும் கிடையாது. முன்பாவது எங்கோ ஒரு கார்டில் ஓர் ஆளாக இருந்தார். நான் வந்து பிடுங்கி நடுத்தெருவில் விட்டதுபோல ஆயிற்று. நாலைந்து நாளில் போனில் பார்த்தபோது "நிராகரிக்கப்பட்டது" என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் மாறிவிடுமா? மாறாது என்று தெரியும். கை கேட்கவில்லை.

கல்யாணம் முடியட்டும், மறுபடி எழுதிக்கொடு என்று ஐயா சொல்லிவிட்டார். அதுவரை நான் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது என்றால் எனக்கு ஜுரம் மாதிரி. ஒருநாள் அரிசி வாங்கிக்கொண்டு போனேன். தொடவில்லை.

"நீ வாங்கியாந்தா அது ஓசி தாயி. கார்டுல வந்தாத்தான் என்னுது."

"அதுவும் இலவசம்தானய்யா?"

"அது வேற, இது வேற." என்ன வேறு என்று அவர் விளக்கவில்லை. நான் அந்த அரிசியைத் திருப்பி எடுத்து வந்தேன். வழியெல்லாம் அது ஸ்கூட்டியில் காலை இடித்தது.

மார்கழி வந்தது. பொங்கலும் வந்தது. ஜல்லிக்கட்டுக்கு மரம் நட்டுத் தெருவையெல்லாம் அடைத்தார்கள். அதற்கு முன்பே ரேஷன் கடையில் பச்சரிசியும் கரும்பும் கொடுத்தார்கள். தெரு முழுக்கக் கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஐயா கொட்டகைக்குள்ளேயே இருந்தார். அவர் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. பேரன் ஒரு துண்டு கரும்பைக் கொண்டுவந்து கொடுத்தான். "எனக்குப் பல்லு எங்கடா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் ஸ்கூட்டியை உதைத்தேன்.

தை முகூர்த்தத்தில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் நடப்பது போலத் திருப்பரங்குன்றத்தில்தான். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பக்கத்துச் சத்திரத்தில் சாப்பாடு. "கட்டாயம் வரணும் தாயி" என்று ஐயாவே பத்திரிகை கொண்டுவந்து கொடுத்திருந்தார். மெலிந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் அன்றைக்குப் புதுச்சட்டை போட்டு, வருகிற எல்லாரையும் "வாங்க, வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். நான் இரண்டு இலை தள்ளி இருந்தேன். பேத்தி கல்யாணச் சோறு. அதில் ரோஷம் பார்க்க ஒன்றுமில்லை போலிருக்கிறது, அவர் சாப்பிட ஆரம்பித்தார். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. பரிமாறுகிறவர் நகர்ந்ததும் மறுபடி அவரைத் தேடினார். வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் கை அடுத்த கவளத்தை உருட்டியது. பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

பெண்ணின் அம்மா என்ற முறையில் மருமகள் பந்தி விசாரித்துக்கொண்டு வந்தாள். பட்டுச்சேலை, தலைகொள்ளாத பூ. "நல்லாச் சாப்பிடுங்க, வேணுங்கிறதக் கேட்டு வாங்குங்க" என்று ஒவ்வொரு இலையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், அவர் இலைக்கு நேரே நின்றுவிட்டாள். அவர் சாப்பிடுவதையே பார்த்தாள். அப்புறம் பரிமாறுகிறவர் கையிலிருந்து சோற்றுவாளியை வாங்கி, அவளே குனிந்து ஒரு கரண்டி போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள். யார் போடுகிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கைகழுவும் இடத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். கண் மை கலைந்திருந்தது.

"அக்கா, அந்தக் கார்டு என்னக்கா ஆச்சு? மறுபடி போடுங்கக்கா. நாளைக்கே போடுங்க. எங்கையால திங்க மாட்டாக. அரிசியாவது வரட்டும்."

மாசியில் மறுபடி மனுப் போட்டேன். பங்குனியில் போன் வந்தது, மறுநாள் காலை வருவதாக. அன்று சாயங்காலமே அவர் கொட்டகைக்குப் போய் நின்றேன்.

"ஐயா, பேத்தி கல்யாணம் முடிஞ்சிருச்சு. இந்தத் தடவ உள்ளதச் சொல்லிருவீங்கள்ல?"

"சரி தாயி."

ரொம்பச் சீக்கிரமாகச் சொன்னார். அதிலேயே எனக்குச் சந்தேகம். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அதிகாரி வருமுன்பே போய்விட வேண்டுமென்று வண்டியை முறுக்கினேன். தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிட்டது. வாசல் தெளித்திருந்தது. தெருவாசலில் ஐயா. துவைத்த வேட்டி. விபூதி. ஓடிப்போய்க் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில்லை.

"என்னய்யா இது!"

"சம்பந்திக இருக்காகல்ல தாயி. புள்ள அங்க வாழணும்ல. பெத்த தாய்க்கு ஒரு சொல்லுன்னா, அது புள்ளையத்தான் குத்தும்."

நான் பதில் சொல்வதற்குள் அதிகாரியின் வண்டி வந்து நின்றது. அதே மனுஷர். அரசாங்க வண்டியைப் பார்த்தால் எங்கள் தெருக்களில் கேட்கவா வேண்டும், குழாயடியில் நின்றவர்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"மறுபடியும் நீங்கதானா" என்று என்னிடம் சலித்துக்கொண்டு, ஐயாவிடம் திரும்பினார். "சொல்லுங்க, தனியாச் சமைக்கிறீங்களா?"

"இல்ல சார். மருமகதான்..."

"பொய் சொல்றாக சார்."

மருமகள் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தெருவுக்கே வந்துவிட்டாள். தலை சீவவில்லை. இடுப்பில் சேலையைச் சொருகியிருந்தாள். "எங்க மாமா தனியாத்தான் ஆக்கித் திங்கிறாக சார். நான் சோறு போடல."

"அதுதான் சார் பொய் சொல்லுது!" ஐயாவின் குரல் எகிறியது. "நேத்துக்கூட வெண்டிக்காப் பொரியல் வச்சுச்சு. நீ உள்ள போ புள்ள. போங்கிறேன்ல."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சோறு போடவில்லை என்று மாமனார் புகார் சொல்லி, போட்டேன் என்று மருமகள் சத்தியம் செய்வதைத்தான் அவர் பார்த்திருப்பார். இங்கே எல்லாம் தலைகீழாக நடந்தது.

அவள் உள்ளே போகவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போனாள். குளியலறைத் தடுப்புக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சாக்கைத் தூக்கி எறிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் அந்த இரும்படுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல கனம். மூச்சு வாங்கியது. தெருவின் நடுவில், அதிகாரியின் காலருகே வைத்தாள். சாம்பல் கொட்டி, சேலை முழுக்கக் கரி.

"தொட்டுப் பாருங்க சார். காலையில கஞ்சி வச்சுட்டு ஒளிச்சு வச்சிருக்காக."

அதிகாரி குனிந்து புறங்கையால் தொட்டார். "சூடாத்தான் இருக்கு" என்றார்.

"ஒரு நாளு வாய்தவறி ஒரு வார்த்த சொல்லிப்புட்டேன் சார். எம்புட்டுத்தான் திம்பீகன்னு கேட்டுப்புட்டேன். அதுலருந்து எங்கையால திங்கல. எழுதிக்கங்க. கையெழுத்து வேணுமின்னாலும் போடுறேன்." தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அழவில்லை.

பல் துலக்கியவர் உள்ளே போய்விட்டார். குடம் தூக்கி வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் வீட்டு மானத்த இப்படி வாங்கிட்டியே" என்று அவளிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அடிபட்டுவிட்டதைப் பார்த்துப் பதறுகிறவர் போலச் சொன்னார். அவளோடு அவர் நேருக்கு நேர் பேசியே எவ்வளவோ காலமாகியிருக்கும்.

அதிகாரி எழுதினார். அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். மருமகள் அடுப்பை மறுபடி தூக்கிக் கொட்டகைக்குள் அதன் மூலையில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. வண்டிச் சாவி கையில் இருந்தது. அதைப் பைக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் கார்டு வந்தது. முதல்முறை அரிசி வாங்க நானும் கூடப் போனேன். கைரேகை முதலில் விழவில்லை. துண்டால் விரலைத் தேய்த்துத் தேய்த்து மறுபடி வைத்ததும் மிஷின் ஒத்துக்கொண்டது. அரிசிப் பையைத் தோளில் வைத்தபோது மட்டும் இறங்கியிருந்த அந்தத் தோள்பட்டை நிமிர்ந்தது. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு விடவில்லை. வெயில் கொளுத்தியது. எனக்கு மனசெல்லாம் குளிர்ந்திருந்தது. கடைசியில் ஒரு வேலை முடிந்தது, இனி இவர் சாப்பிடுவார், நான் இனிமேல் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

தெருக்குழாய் வந்தது. பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். மருமகளும் இருந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றிருந்தார்கள். கலகலவென்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு அவளைச் சுற்றி மட்டும் இல்லை. அவள் எங்களைப் பார்த்தாள். அரிசிப் பையைப் பார்த்தாள். குனிந்து குடத்தை நகர்த்தி வைத்தாள்.

ஐயா நின்றுவிட்டார். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே என் பக்கம் திரும்பினார். முதல்நாள் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாரே, அதே மரியாதையோடு, ஏதோ எனக்கு எல்லா ஆபீசும் தெரியும் என்கிற நம்பிக்கையோடு கேட்டார்.

"அரிசி வந்துருச்சு தாயி. அந்தப் புள்ளையோட தெருவுல ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாக. அதுக்கு யாருக்கு மனு எழுதணும்?"